சுபாரு ஊரில் சுபாரு கிடைக்காத கதை

ஜப்பானின் குன்மா மாகாணத்தில் ஓட்டா என்று ஓர் ஊர். சுபாரு கார் பிறந்த ஊர். பிரதானத் தொழிற்சாலை இருக்கும் பகுதிக்கே சுபாரு-சோ என்றுதான் பெயர். அப்படிப்பட்ட ஊரில், சுபாரு என்று பெயர் போட்டு இணையத்தில் பதிவு செய்துவிட்டுப் போனவன் கையில், வேறு கம்பெனியின் குட்டி ஹேட்ச்பேக் சாவியைக் கொடுத்தால் எரிச்சல் வருமா வராதா? அதுவும் டூ வீல் டிரைவ். பிப்ரவரி மாதம். நான் போகவேண்டியது பனி கொட்டும் மலைக்கு.

வாடகைக் கார் கவுண்டரில் இருந்த இளைஞர் மிக மரியாதையாக மூன்று முறை குனிந்தார். மொழிபெயர்ப்புச் செயலியை எனக்கு முன்னால் திருப்பிக் காட்டினார்: "அதே ரகம்." பதிவுச் சீட்டின் அடியில் எறும்பளவு எழுத்தில் அப்படித்தான் இருக்கிறதாம். படத்தில் சுபாரு, சீட்டில் 'அல்லது அதே ரகம்'. நம்மூரில் கல்யாண மண்டபத்துக்காரர் ஏசி ஹால் என்று சொல்லிவிட்டு ஃபேன் ஹாலைத் திறந்துவிடுவாரே, அந்த வித்தைதான். என்ன, இங்கே குனிந்து வணங்கிச் செய்கிறார்கள்.

நான் நகரவில்லை. எனக்கு வேண்டியது நாலு சக்கரமும் உந்துகிற வண்டி, இதே ஊரில் செய்த வண்டி, இதற்காகத்தான் டோக்கியோவிலிருந்து வந்தேன் என்று செயலியில் தட்டித் தட்டிக் காட்டினேன். உள்ளே போனார், போன் பேசினார், வந்தார். சுபாருவின் சாம்பல் நிற கிராஸ்ட்ரெக் ஒன்று இருக்கிறது, ஆனால் ஒரு படி மேல் ரகம், வித்தியாசத் தொகை கட்டவேண்டும். பனி டயருக்குத் தனி. அந்த வித்தியாசத்தில் இரண்டு நாள் சாப்பாட்டை முடித்திருப்பேன். வயிறெரியக் கட்டினேன்.

எப்படிப் போவது, எவ்வளவு ஆகும், எதைப் பார்ப்பது என்று வரிசையாகத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆத்திரம் முந்திக்கொண்டது. சரி, ரயிலைச் சொல்லிவிடுகிறேன். டோக்கியோவின் அசகுசாவிலிருந்து டோபு கம்பெனியின் ரியோமோ எக்ஸ்பிரஸ் ஒன்றரை மணி நேரத்துக்குள் ஓட்டாவில் இறக்கிவிடும். கூடுதல் கட்டணம் வேண்டாம் என்பவர்கள் குக்கியிலும் டடேபயாஷியிலும் மாறி மாறிச் சாதாரண ரயிலில் வரலாம். நேரம் கூடும், காசு மிச்சமாகும். நான் இரண்டாவது ரகம்.

வண்டியை எடுத்ததும் முதலில் போனது தொழிற்சாலைக்கு இல்லை. டோனே ஆற்றங்கரைக்குப் பக்கத்தில் நாகாஜிமா சிகுஹெய் தன் பெற்றோருக்காகக் கட்டிய பெரிய வீடு இருக்கிறது, அதற்கு. சுபாருவின் கதை காரில் தொடங்கவில்லை, இந்த மனிதரிடம் தொடங்குகிறது. கடற்படையில் பொறியியல் அதிகாரியாக இருந்தவர். வருங்காலம் விமானத்தில்தான் என்று வேலையை விட்டுவிட்டு, 1917-இல் சொந்த ஊர்ப் பக்கத்திலேயே விமான ஆராய்ச்சிக்கூடம் தொடங்கினார். ஆற்றுப் படுகையில் ஓடுதளம். முதலில் செய்த விமானங்கள் ஒழுங்காகப் பறக்கவில்லை. 1918 ஜப்பானில் அரிசி விலை எகிறிக் கலவரம் நடந்த வருஷம். ஊர்க்காரர்கள் பாட்டுக் கட்டிவிட்டார்கள்: அரிசி ஏறுது, எல்லாமே ஏறுது, ஏறாதது நாகாஜிமா விமானம் மட்டும்தான். அடுத்த வருஷமே நாலாவது மாடல் நன்றாகப் பறந்து பாட்டை நிறுத்தியது.

அப்புறம் நடந்தது சின்ன வளர்ச்சி இல்லை. இரண்டாம் உலகப் போருக்குள் நாகாஜிமா, ஜப்பானின் மிகப் பெரிய விமானக் கம்பெனிகளில் ஒன்று. ஹயபுசா, ஹயாதே என்ற போர் விமானங்கள் இவர்களுடையவை. மிட்சுபிஷி வடிவமைத்த ஜீரோ விமானங்களில் பாதிக்கு மேல் செய்ததும் இவர்களே. நமக்கும் இதில் ஒரு கசப்பான தொடர்பு உண்டு. 1942 ஏப்ரல் 5-ஆம் தேதி கொழும்பிலும் 9-ஆம் தேதி திருகோணமலையிலும் குண்டு போட்ட விமானங்களில் நாகாஜிமாவின் 97 ரகத் தாக்குதல் விமானங்கள் இருந்தன. இடையில் 6-ஆம் தேதி விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும். அந்த ஏப்ரலில்தான் சென்னையே மூட்டை கட்டிக்கொண்டு கிராமங்களுக்கு ஓடியது. வீட்டுப் பெரியவர்கள் சொல்லி இதைக் கேட்ட குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. கார் பைத்தியமாக வந்த இடத்தில், இதை நினைக்காமல் அந்த வீட்டைச் சுற்ற முடியவில்லை. 1945 பிப்ரவரியில் அமெரிக்க பி-29 விமானங்கள் ஓட்டா தொழிற்சாலைமீது குண்டு மழை பொழிந்தன.

போர் முடிந்ததும் விமானம் செய்யக் கூடாது என்று ஆக்கிரமிப்புப் படை தடை போட்டது. ஆயிரக்கணக்கான பொறியாளர்கள், கையில் அலுமினியமும் அறிவும், செய்ய வேலை இல்லை. கிடங்கில் கிடந்த கிங்கா குண்டுவீச்சு விமானத்தின் வால் சக்கரங்களை மாட்டி, 1946-இல் ராபிட் என்று ஒரு ஸ்கூட்டர் விட்டார்கள். 1950-இல் கம்பெனியைத் துண்டு துண்டாக உடைத்தார்கள். உடைந்தவற்றில் ஐந்து துண்டுகள் சேர்ந்து 1953-இல் தொடங்கியதுதான் ஃபூஜி ஹெவி இண்டஸ்ட்ரீஸ். சின்னத்தில் இருக்கும் ஆறு நட்சத்திரங்களில் பெரியது புதுக் கம்பெனி, சின்னவை ஐந்தும் அந்தத் துண்டுகள். சுபாரு கார்ப்பரேஷன் என்று கம்பெனியின் பெயரையே மாற்றியது 2017-இல்தான்.

ஓட்டாவிலேயே இருக்கும் சுபாருவின் யாஜிமா தொழிற்சாலையில் பார்வையாளர் மையம் இருக்கிறது. கட்டணம் கிடையாது (இந்தப் பயணத்திலேயே எனக்குப் பிடித்த விலை), ஆனால் முன்பதிவு இல்லாமல் வாசலைத் தாண்ட முடியாது. உள்ளே போட்டோ எடுக்கக் கூடாது. தகட்டை அழுத்தி வடிவமாக்கும் பிரஸ் பகுதியில் தரை அதிர்வதைக் கால் வழியாகவே கேட்கலாம். வெல்டிங் பகுதியில் ரோபோக்கள் பொறி பறக்கத் தலையை நீட்டி இழுக்கின்றன. விளக்கம் ஜப்பானிய மொழியில். பாதி புரியவில்லை, கவலையும் இல்லை. என் கவனமெல்லாம் காட்சிக்கு வைத்த ஒரு குட்டிக் காரில் இருந்தது.

சுபாரு 360. 1958-இல் வந்தது. ஜப்பான்காரர்கள் செல்லமாகப் பொறிவண்டு என்பார்கள். 356 சிசி, டூ ஸ்ட்ரோக், இன்ஜின் பின்னால். மொத்த எடை 385 கிலோ. விலை அன்றைக்கு 4,25,000 யென். வடிவமைத்த மொமோசே ஷின்ரோக்கு நாகாஜிமாவில் விமான இன்ஜின் வேலை செய்தவர். அடியில் தனிச் சட்டகம் (சேசிஸ்) இல்லாமல், மெல்லிய தகட்டுக் கூடே பாரத்தைத் தாங்கும்படி செய்தார். விமான உடம்பு அப்படித்தான் நிற்கிறது. நாலு பெரியவர்கள் உட்காரலாம் என்கிறார்கள். கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன். என் மைத்துனரையும் அவர் வயிற்றையும் சேர்த்தால் மூன்று பேர்தான். அமெரிக்காவுக்கு ஏற்றுமதி ஆனபோது, நுகர்வோர் பத்திரிகை ஒன்று இதை ஏற்கத் தகாத வண்டி என்று கிழித்தது. அமெரிக்க நெடுஞ்சாலைக்கு அது நியாயமான தீர்ப்புதான். ஆனால் ஒரு நாடே சைக்கிளிலிருந்து காருக்கு ஏற இதுபோன்ற வண்டிகள்தான் படிக்கட்டு.

1966-இல் சுபாரு 1000. இன்றைய சுபாருவின் எலும்புக்கூடு இதுதான். பிஸ்டன்கள் மேலும் கீழும் போகாமல் இடமும் வலமுமாகப் படுத்துக்கொண்டு ஓடும் இன்ஜின், அதைப் பாக்ஸர் என்பார்கள். உயரம் குறைவு, எடை தாழ்வாக உட்காரும். இன்ஜினும் கியர்பாக்ஸும் வண்டியின் நடுக்கோட்டில் நீளவாக்கில் இருக்கும். முன் சக்கரத்தை மட்டுமே உந்திய வண்டி அது. ஆனால் கியர்பாக்ஸின் வாய் ஏற்கெனவே பின்பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது. அங்கிருந்து ஒரு தண்டை நேராகப் பின் சக்கரத்துக்கு நீட்டினால் போதும், நாலு சக்கரமும் வேலை செய்யும்.

இதை முதலில் கேட்டது வாடிக்கையாளர். வடகிழக்கு ஜப்பானின் தோஹோக்கு மின்சாரக் கம்பெனிக்காரர்கள் பனிமலைகளில் மின்கம்பி பார்க்க ஜீப்பில் போய்க்கொண்டிருந்தார்கள். குளிரில் விறைத்துப்போய், ஜீப் மாதிரி ஏறவும் வேண்டும், கார் மாதிரி கதகதப்பாக இருக்கவும் வேண்டும் என்றார்கள். மியாகி மாகாண சுபாரு விற்பனையாளர், ஒரு வேனில் வேறு கம்பெனிக் காரின் பின் அச்சு டிஃபரென்ஷியலை (சக்கரங்களுக்கு உந்துவிசையைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) மாட்டி ஒட்டுப்போட்டுக் காட்டினார். அந்த ஒட்டுவேலையை ஓட்டாவுக்குக் கொண்டுவந்து, ஒழுங்குபடுத்தி, 1972-இல் லியோன் 4டபிள்யூடி எஸ்டேட் வேனாக விற்பனைக்கு விட்டார்கள். நாலு சக்கர உந்தலோடு பிரிட்டனில் ஜென்சன் எஃப்எஃப் என்ற கார் 1966-லேயே வந்துவிட்டது, உண்மைதான். ஆனால் அது பணக்காரர் வண்டி, செய்ததும் சில நூறுதான். நாலு சக்கர உந்தலுக்குப் பேர்போன ஆடி குவாட்ரோ வந்தது 1980-இல். அதற்கு எட்டு வருஷம் முன்னால், லைன்மேன்களுக்காக, சாமான் ஏற்றும் வேனில் இதைச் செய்ததுதான் எனக்குச் சுபாருவைப் பிடிக்கக் காரணம். விளம்பரக்காரன் யோசித்த சமாசாரம் இல்லை இது.

கரடுமுரடுச் சாலைகளில் ஓட்டும் ராலி பந்தயம் பற்றி எழுதாவிட்டால் நண்பர்கள் அடிப்பார்கள். 1995-இல் காலின் மெக்ரே, 2001-இல் ரிச்சர்ட் பர்ன்ஸ், 2003-இல் பெட்டர் சோல்பெர்க், மூன்று பேரும் நீல சுபாரு இம்ப்ரேசாவில் உலகப் பட்டம் வாங்கினார்கள். கம்பெனிப் பட்டம் 1995 முதல் தொடர்ந்து மூன்று வருஷம். 2008 கடைசியில் விலகிவிட்டார்கள், அந்த வருத்தம் இன்னும் உண்டு. அதற்கு முன் 1989-இல் அரிசோனாவில் சுபாரு லெகஸியை இரவு பகலாக 1,00,000 கி.மீ. ஓட்டினார்கள். சராசரி வேகம் மணிக்கு 223.345 கி.மீ. நம்மூரில் இந்த வண்டி வந்ததும் உண்டு, பெயர் மாறி. ஜெனரல் மோட்டார்ஸ் சுபாருவில் பங்கு வைத்திருந்த காலத்தில் ஷெவர்லே ஃபோரெஸ்டர் என்று இந்தியாவில் விற்றதே, அது அசல் சுபாரு ஃபோரெஸ்டர்தான். கோயம்புத்தூரில் தெரிந்தவர் வீட்டில் ஒன்று நின்றது. அதன் அருமை தெரியாமல் கடந்துபோனவர்கள்தான் நாம் எல்லோரும்.

பசி. ஓட்டாவில் சாப்பிடவேண்டியது யாகிசோபா. சூடான இரும்புக் கல்லில் புரட்டிய தடித்த நூடுல்ஸ், முட்டைக்கோஸ், சாஸ். தொழிற்சாலைக்கு வேலை தேடி அகிதா பக்கத்திலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த பழக்கம் என்கிறார்கள். மலிவு, வயிறு நிறையும், சீக்கிரம் வரும். ஷிஃப்டுக்கு ஓடுகிறவனுக்கு வேறென்ன வேண்டும்? நான் போன கடையில் நூடுல்ஸ் கிட்டத்தட்ட கறுப்பு. தட்டைப் பார்த்துப் பயந்தேன், வாயில் வைத்ததும் இன்னொன்று சொன்னேன். இரண்டு தட்டும் சேர்த்து 1,000 யென்னைத் தொடவில்லை. டோக்கியோவில் இந்தக் காசுக்கு ஒரு ராமென் வருவதே பெரிசு. பக்கத்து ஊர் ஓய்சுமியில்தான் சுபாருவின் இன்ஜின் தொழிற்சாலை. 1990-இல் குடியேற்றச் சட்டம் தளர்ந்தபின் பிரேசிலிலிருந்து ஜப்பானிய வம்சாவளியினர் வேலைக்கு வந்து குடியேறிய ஊர். பலகைகளில் போர்த்துகீசியம். சூப்பர் மார்க்கெட்டில் ஒரு பை நிறைய சீஸ் பன் வாங்கி வண்டியில் போட்டுக்கொண்டேன். ராத்திரிச் சாப்பாடு அதுதான், கார் வாடகை கட்டியவன் நிலைமை அப்படி.

மறுநாள் குசட்ஸு, நான் சொன்ன பனி மலையில் இருக்கும் வெந்நீர் ஊற்று ஊர். ஓட்டாவிலிருந்து சுமார் 100 கி.மீ. ஷிபுகாவா வரை நெடுஞ்சாலை, சொல்ல ஒன்றுமில்லை. நாகனோஹரா தாண்டியதும் ஏற்றம், இரண்டு பக்கமும் ஒதுக்கிய பனிச் சுவர், நடுவில் மிதிபட்டு இறுகிய வெள்ளைச் சாலை. இந்த இடத்தில்தான் வித்தியாசத் தொகை கட்டியது கொஞ்சம் ஆறியது. வண்டி அலட்டிக்கொள்ளவில்லை. ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது சறுக்கல் இல்லை, திமிறல் இல்லை. ஆனால் ஒன்று: நாலு சக்கர உந்தல் கிளம்பத்தான் உதவும், நிறுத்த உதவாது. பிரேக் பிடித்தால் உங்களுக்கும் கடவுளுக்கும் இடையில் இருப்பது டயர் மட்டுமே. பனி டயருக்குத் தனிக் காசு வாங்கியதை அதனால் மன்னித்தேன். முதலில் வேறு வண்டியை நீட்டியதை மன்னிக்கவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்த மலையூரில் வீட்டு வாசல்களில் நின்றவை பெரும்பாலும் சுபாரு இல்லை. சுசுகி, டைஹட்சு கம்பெனிகளின் நாலு சக்கர உந்தல் உள்ள குட்டி டிரக்குகளும் வேன்களும்தான். சுபாருவும் சாம்பர் என்று அருமையான குட்டி டிரக் செய்துகொண்டிருந்தது. 2012-இல் சொந்தமாகச் செய்வதை நிறுத்திவிட்டார்கள். இன்று சுபாரு விற்கும் கார்களில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போகிறது. லைன்மேனுக்குப் பிறந்த வண்டி வெர்மான்ட்டிலும் கொலராடோவிலும் நாயும் பனிச்சறுக்குப் பலகையும் சுமக்கிறது. பெட்ரோலும் கொஞ்சம் கூடுதலாகவே குடிக்கும். இந்த விலைக்கு வாங்குவேனா என்றால் நம்மூர் வெயிலுக்குத் தேவையில்லை என்பேன். ஊட்டியில் வீடு இருந்தால் யோசிப்பேன்.

குசட்ஸுவில் ஊர் நடுவே வெந்நீர் ஊற்று ஆவி விட்டுக்கொண்டிருக்கிறது. பக்கத்திலேயே ஷிரஹதா-நோ-யு என்ற பொதுக் குளியல் இலவசம். தண்ணீர் கடும் அமிலம், கடும் சூடு, வெள்ளி மோதிரம் போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள்.

போகிறவர்களுக்கு: தொழிற்சாலைப் பதிவை முதலில் செய்யுங்கள், அந்தத் தேதிக்கேற்ப ரயிலைப் பாருங்கள். ஓட்டாவில் பஸ்ஸை நம்பவேண்டாம், கார்க்காரர்களுக்காகவே கட்டிய ஊர் அது. ஸ்டேஷனிலிருந்து யாஜிமாவுக்கு டாக்ஸி பிடித்தால், இன்னும் இரண்டு பேரோடு பகிர்ந்தால்தான் கட்டுப்படியாகும். குசட்ஸுவுக்கு மேலே ஷிகா பக்கம் போகும் 292-ஆம் எண் சாலை குளிர்காலம் முழுக்க மூடியிருக்கும். 2,172 மீட்டர் உயரத்துக்கு ஏறும் அந்தச் சாலை வேண்டுமென்றால் மே மாதம் போங்கள். அப்போது டூ வீல் டிரைவே போதும், வித்தியாசத் தொகையும் மிச்சம்.