எடை கூடிய இரவு

கல்லீரல் மாற்று சிகிச்சை முடிந்து ஐசியூவிலிருந்து வார்டுக்கு வந்த மூன்றாம் நாள் காலை பாப்பாவின் எடை 7.6 கிலோ காட்டியது. வந்த அன்று 7 கிலோ. இரண்டே நாளில் 600 கிராம்! பாலில் தேங்காய் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து, மூக்குக் குழாய் வழியே இறக்கி, 50 கிராம் கூடினாலே பிள்ளையாருக்குச் சிதறுகாய் போட்ட வீடு எங்களுடையது. அத்தை ஊருக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லிவிட்டார். நானும் வயிற்றில் கட்டியிருந்த பட்டையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சிரித்தால் தையல் இழுக்கும். அன்றைக்கு அது பெரிதாகத் தெரியவில்லை.

அன்று இரவே அவளை மறுபடியும் ஐசியூவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

பித்தநாளங்கள் அடைபட்டுப் பிறந்தவள் அவள். ஒன்றரை மாதமாகியும் மஞ்சள் காமாலை தெளியவில்லை. காலை வெயிலில் காட்டு, சரியாகிவிடும் என்றார்கள், காட்டினேன். மலம் அரிசி மாவுபோல் வெளுத்திருந்ததை நான்தான் தினமும் துடைத்தேன். பித்தம் குடலுக்கு இறங்கினால்தான் மலத்துக்கு நிறம் வரும் என்பது எனக்கு எப்படித் தெரியும்? குடலை மேலே இழுத்துக் கல்லீரலோடு நேரே இணைக்கும் அறுவை சிகிச்சை ஒன்று உண்டு. 1950களில் கசாய் என்ற ஜப்பானிய மருத்துவர் தொடங்கிவைத்தது. பிறந்து 60 நாளுக்குள் செய்தால் பலிக்கும் வாய்ப்பு அதிகம் என்பார்கள். எங்களுக்கு 78ஆம் நாள் நடந்தது, பித்தம் வடியவில்லை. பத்தாம் மாதத்தில், சென்னையில், என் கல்லீரலின் இடப்புறத்திலிருந்து 290 கிராம் எடுத்து அவளுக்கு வைத்தார்கள். காப்பீடு, கடன், அறக்கட்டளைகளுக்கு எழுதிய கடிதங்கள் எல்லாம் தனிக்கதை. இங்கே வேண்டாம்.

மூன்றாம் நாள் வென்டிலேட்டரை எடுத்தார்கள். ஆறாம் நாள், ஒரு ஞாயிறு மாலை, வார்டுக்கு மாற்றினார்கள். படுக்கை தேவைப்பட்டது என்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை. ஆனால் நாங்கள் கிளம்பிய பத்தாவது நிமிடம் அதே இடத்துக்கு வேறொரு குழந்தை போவதை என் கணவர் பார்த்தார். அதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்தக் குழந்தைக்கும் ஓர் அம்மா இருந்திருப்பாள்.

அந்த எட்டாம் நாள் இரவு பதினொரு மணி இருக்கும். பாப்பா தூங்குகிறாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் மூச்சு விடும்போதெல்லாம் மெல்லிய முனகல். மூக்கு விடைத்தது. சட்டையைத் தூக்கிப் பார்த்தால், விலா எலும்புகளுக்குக் கீழே ஒவ்வொரு மூச்சுக்கும் குழி விழுந்தது. வார்டில் ஒரு கேரளத்துப் பாட்டி, பேரனுக்காக இரண்டு மாதமாகத் தங்கியிருந்தவர், “எண்ணு மோளே, ஒரு நிமிஷம் முழுக்க எண்ணு” என்றார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எண்ணினேன். 64. இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50ஐத் தொட்டாலே வேகம் என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன்.

“ஆக்சிஜன் 95 காட்டுகிறது அம்மா, அழுதிருப்பாள்” என்றார் நர்ஸ். தோளில் போட்டுத் தட்டிவிட்டு மறுபடி எண்ணினேன். 68. “சிஸ்டர், இவள் அழவே இல்லை” என்றேன். என் குரல் உயர்ந்திருக்க வேண்டும். டூட்டி டாக்டர் வந்துவிட்டார்.

எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் பாதி வெள்ளையாக இருந்தது. ஆனால் அந்த நள்ளிரவில் அவர்கள் முதலில் கவலைப்பட்டது நுரையீரலைப் பற்றி அல்ல. டாப்ளர் கருவியை இழுத்து வந்து வயிற்றில் வைத்து, கல்லீரலுக்குப் போகும் தமனியில் ரத்தம் ஓடுகிறதா என்று தேடினார்கள். சிறு குழந்தைகளுக்கு அந்தத் தமனி நூல்போல இருக்கும். அதில் ரத்தம் உறைந்தால் உடனே மறுபடி வயிற்றைத் திறக்க வேண்டும். சில வேளை இன்னொரு கல்லீரலே தேவைப்படும். திரையில் சிவப்பும் நீலமும் துடித்தன. “ஓடுகிறது” என்றார் டாக்டர். அதற்கப்புறம்தான் நான் கீழே உட்கார்ந்தேன். பித்தம் கசிகிறதா, குடலில் ஓட்டை விழுந்திருக்கிறதா என்றும் பார்த்தார்கள். ஏற்கெனவே ஒருமுறை வயிறு திறந்த குழந்தைக்குக் குடல்கள் ஒட்டிக்கிடக்கும். அவற்றைப் பிரிக்கும்போது காயம் படலாமாம்.

இரண்டும் இல்லை. நெஞ்சில் குழாய் வைத்ததும் வைக்கோல் நிறத்தில் 180 மில்லி நீர் இறங்கியது. எங்கள் 600 கிராமில் ஒரு பங்கு அந்தப் புட்டியில் கிடந்தது. மீதி, உடம்பெங்கும் கோத்திருந்த நீர். சிறுநீர் பெருக்கும் மருந்தில் நாலு நாளில் வடிந்தது. மூக்கு வழியே வேகமாக ஆக்சிஜன் செலுத்தியே சமாளித்துவிட்டார்கள், வென்டிலேட்டர் வரை போகவில்லை.

ஐந்து நாள் ஐசியூ வாசலில் கிடந்தபோது பக்கத்து இருக்கைக்காரர் ஒருவர் அடிக்கடி ஒன்றைச் சொல்லித் தைரியம் ஊட்டுவார். இந்தியாவில் குழந்தைக்கு வெற்றிகரமாக நடந்த முதல் கல்லீரல் மாற்று சிகிச்சை 1998இல் டெல்லியில். குழந்தை காஞ்சிபுரம், வயது 20 மாதம், கொடுத்தது அப்பா. அந்தக் குழந்தை இன்று டாக்டர். நாலாம் முறை கேட்டபோதும் எனக்கு அலுக்கவில்லை.

“ஏன் திரும்பவும் இங்கே?” என்று பெரிய டாக்டரிடம் கேட்டேன். நான் ஏதாவது தப்புச் செய்துவிட்டேனா என்பதுதான் உள்ளே இருந்த கேள்வி. அவர் ஒரு காகிதத்தில் வயிற்றை வரைந்தார். குழந்தையின் எடையில் 4 சதவீதத்துக்கு மேல் போனால் அது அவளுக்குப் பெரிய கல்லீரல். 7 கிலோவுக்கு 290 கிராம் அந்தக் கோட்டை லேசாகத் தாண்டியது. சின்ன அடுக்கில் பெரிய பாத்திரத்தைத் திணித்ததுபோல், அது நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தை மேலே தள்ளியது. நுரையீரல் விரிய இடமில்லை. அவளோ மெலிந்தவள். மூச்சு இழுக்கத் தசை வேண்டுமே! ரத்தத்தில் நீரைப் பிடித்துவைக்கும் ஆல்புமின் என்ற புரதமும் குறைவு, ஏற்றிய நீர் ரத்தக்குழாயில் நிற்காமல் வெளியே கசியும். “இவளைப் போன்ற குழந்தைகள் திரும்பி வரக்கூடும் என்று எங்களுக்குத் தெரியும் அம்மா. நீங்கள் செய்தது எதுவும் இல்லை” என்றார்.

தெரியும் என்றால் எனக்கு ஏன் சொல்லவில்லை என்று வாய்வரை வந்தது. ஐசியூவிலிருந்து அனுப்பியபோது எழுதிய தாளைப் பிறகு வாங்கிப் பார்த்தேன். மூச்சு நிமிடத்துக்கு 52 என்று அதிலேயே இருந்தது. வார்டில் எழுதியது 54, 56, 58. ஒவ்வொரு ஷிப்டிலும் முந்தையதைவிட இரண்டு கூட. எல்லாம் எழுதியிருந்தார்கள், அடுக்கிவைத்துப் பார்க்கத்தான் யாரும் இல்லை. அதனால்தான், குழந்தையை வார்டுக்கு மாற்றும் பெற்றோர் யாராவது கேட்டால், நான் முதலில் சொல்வது ஒரு நோட்டு வாங்கச் சொல்லித்தான். கிளம்பும்போது மூச்சு எத்தனை என்று கேட்டு எழுதுங்கள். உள்ளே போன நீர், வெளியே வந்த சிறுநீர், ஒரே தராசில் எடை. எடை திடீரென்று கூடினால் ஊருக்குப் போன் போடாதீர்கள்.

வீட்டுக்கு வந்த நான்காம் மாதம் வயிற்றுப்போக்கு. மருந்து உடம்பில் சேராமல் போய்விடுமே, புதுக் கல்லீரலை உடம்பு எதிர்க்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸின் அளவு குறைந்திருக்குமே என்று பயந்தேன். ரத்தத்தில் பார்த்தால், வழக்கமாக 9 இருப்பது 19! குடலின் உள்பூச்சுதான் அந்த மருந்தில் ஒரு பகுதியை உடைத்துப்போடுமாம். பூச்சு புண்ணானதால் உடைக்க ஆளில்லாமல் மொத்தமும் உள்ளே போய்விட்டது. அப்படியே விட்டிருந்தால் சிறுநீரகம் தாங்காது. விடியற்காலை இரண்டு மணிக்கே போன் செய்துவிட்டுக் கிளம்பியதால் ஐசியூ வரை போகவில்லை. வார்டிலேயே நாலு நாள்.

கிளம்பும் அன்று தராசில் 8.4 காட்டியது. “பார்த்தீர்களா அம்மா, கூடியிருக்கிறது” என்றார் நர்ஸ்.

“மூச்சை எண்ணிவிட்டுச் சொல்லுங்கள் சிஸ்டர்” என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே கைக்கடிகாரத்தைத் திருப்பினார். 34.