மடைவாயில் கிடக்கும் தண்ணீர்

இராமநாதபுரம் மாவட்டத்துக் கண்மாய் ஒன்றில் எவ்வளவு மண் தூர் எடுக்க வேண்டும் என்று கணக்கிடும் வேலை. 100 ஏக்கர் பரப்பு, சித்திரை வெயில். தொழிலுக்கு நான் புதியவன்.

ட்ரோன் எடுக்கும் படங்களைக் கோத்து மென்பொருள் நிலத்தின் வடிவத்தைத் தந்துவிடும். ஆனால் ட்ரோனில் உள்ள சாதாரண ஜிபிஎஸ் சில மீட்டர் பிசகும். உயரத்தில் இன்னும் மோசம். அதற்காகத்தான் தரையில் இடமும் உயரமும் துல்லியமாக அளந்த கட்டுப்பாட்டுப் புள்ளிகள். கறுப்பு வெள்ளைக் கட்டம் அச்சிட்ட ஃபிளெக்ஸை விரித்து, மூலைகளில் கல் வைத்து, அதன் மையத்தில் டிஜிபிஎஸ் என்ற துல்லிய ஜிபிஎஸ் கருவியின் கம்பை நிறுத்தி, மட்டம் காட்டும் குமிழி நடுவில் நிற்கும்வரை பொறுத்து அளவெடுக்க வேண்டும். ட்ரோன் கிளம்புவதற்குள் ஆடு மேய்ப்பவர் ஒருவர் ஒரு ஃபிளெக்ஸை எடுத்துத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு போய்விட்டார். அந்த வெயிலில் நானும் அதைத்தான் செய்திருப்பேன். அந்த இடத்தில் சுண்ணாம்பால் ஒரு பெருக்கல் குறி போட்டு மறுபடி அளந்தேன்.

பத்துப் புள்ளிகளையும் கரையை ஒட்டியே வைத்தேன். உள்ளே வெட்டிப் போட்ட சீமைக்கருவேல முள் கிடந்தது. அதுதான் காரணம், வேறொன்றுமில்லை. மாலையில் எல்லா உயரமும் கழித்தல் குறியோடு வந்ததில் திடுக்கிட்டேன். ஜிபிஎஸ் காட்டுவது கடல்மட்டத்திலிருந்து உயரம் அல்ல, பூமியின் வடிவமாகக் கணக்கில் வகுத்துக்கொண்ட நீள்கோளத்திலிருந்து. இந்தப் பக்கத்தில் இரண்டுக்கும் 90 மீட்டருக்கு மேல் வித்தியாசம். அதைச் சரிசெய்ததும் மென்பொருளின் அறிக்கையில் பிழை 2 சென்டிமீட்டர். நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள், கண்மாய்த் தண்ணீரை வயல்களுக்குத் திறந்துவிடும் நீர்ப்பாய்ச்சியிடம் வரைபடத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"தம்பி, நீலம் என்றால் பள்ளமா?"

"ஆமாம் ஐயா."

"அப்படியானால் கடைசித் தண்ணீர் நடுவில் அல்லவா கிடக்க வேண்டும்? எங்கள் கண்மாயில் அது மடைவாயில்தான் கிடக்கும்."

கம்பைத் தூக்கிக்கொண்டு முள்ளுக்குள் இறங்கினேன். நடுவில் ஆறு இடங்களில் அளந்தேன். வரைபடம் தரையைவிட 30 சென்டிமீட்டர் வரை கீழே இருந்தது. நேர் கீழ்நோக்கி மட்டுமே எடுத்த படங்களில் லென்ஸின் வளைவை மென்பொருள் தப்பாகக் கணித்தால் நிலம் கிண்ணமாகக் குழியும். விளிம்பை நான் கட்டிவைத்தேன், நடுவைக் கேட்பாரில்லை. அந்த 2 சென்டிமீட்டர், நான் கொடுத்த பத்துப் புள்ளிகளுக்கு மென்பொருள் எவ்வளவு பணிந்தது என்பதற்கான மதிப்பெண் மட்டுமே.

சராசரியாக 10 சென்டிமீட்டர் தவறு என்றாலும் 40 ஹெக்டேரில் 40,000 கன மீட்டர். இரண்டு யூனிட் (200 கன அடி) டிப்பரில் ஏறக்குறைய 7,000 நடை மண் கணக்கிலேயே வந்திருக்காது.

கேமராவைச் சாய்த்து மறுபடி பறக்கவிட்டேன். நடுவில் அளந்த ஆறு புள்ளிகளில் இரண்டை மட்டும் மென்பொருளுக்குக் கொடுத்து, நான்கை ஒளித்துவைத்துச் சோதித்தேன். பிழை 4 சென்டிமீட்டர் வந்தது. பழைய 2 சென்டிமீட்டரைவிட இந்த 4 சென்டிமீட்டர் எனக்குப் பிடித்திருந்தது.

புதிய வரைபடத்தில் நீலம் மடையோரம் ஒதுங்கியிருந்தது. நீர்ப்பாய்ச்சி அதன்மேல் விரலை வைத்துத் தலையசைத்துவிட்டு என் காலைப் பார்த்தார்.

"முள்ளை எடுத்துவிட்டீர்களா, தம்பி?"