ஆறு நிமிடத்தில் மூன்று மணி நேரம்

குன்னூரில் மாமாவுக்கு வர்க்கி பேக்கரி. மொறுமொறு பிஸ்கட் மாதிரி இருக்குமே, அந்த வர்க்கி. 2023இல் ஊட்டி வர்க்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து அவருக்குக் கொஞ்சம் கெத்து கூடிவிட்டது. விறகு அடுப்புக்கு ஒரு டைமர் வேண்டும் என்றார். கடையில் வாங்கியிருந்தால் கதை முடிந்திருக்கும். நான் சாஃப்ட்வேர்காரன் ஆயிற்றே! பழைய ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி ஒன்றைத் தூசி தட்டி, பைத்தான் மொழியில் நிரல் எழுதிக் கொடுத்தேன். தட்டு உள்ளே போனதும் பொத்தானை அமுக்கினால் 20 நிமிடத்தில் அலறும்.

ஒரு வாரம் ஒழுங்காகத்தான் அலறியது. அப்புறம் ஒரு ராத்திரி காற்றும் மழையும். எங்கேயோ மரம் சாய்ந்து கரண்ட் போனது, விடிகாலை நாலு மணிக்கு மேல்தான் வந்தது. 4:10க்கு மாமா முதல் தட்டைத் தள்ளிப் பொத்தானை அமுக்கினார். 4:16க்கு அலறல். திரையில் ‘2 மணி 54 நிமிடம்’. ஐயோ, கருகிப்போச்சு என்று பதறி இழுத்தால், தட்டு முழுக்க வெள்ளை வெளேரென்று மாவு. விரலால் தொட்ட இடத்தில் பள்ளம் விழுந்து அப்படியே நின்றதாம்.

போன் வந்தது. “மாப்ள, உன் டைமர் தூக்கத்துல உளறுதுடா.”

பார்த்தால், அந்தப் பழைய ராஸ்பெர்ரி பையில், கரண்ட் இல்லாதபோதும் ஓடும் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. கரண்ட் வந்ததும், கடைசியாகக் குறித்து வைத்திருந்த 1:17இலிருந்து எண்ண ஆரம்பித்திருக்கிறது. மாமா அமுக்கியபோது அதற்கு மணி 1:22. பிறகு நெட் வந்து, சரியான நேரம் கிடைத்து, ஒரே தாவலில் 4:16. நான் எழுதியதோ இப்போதைய மணியில் ஆரம்ப மணியைக் கழிக்கும் கணக்கு. பைத்தானில் அப்போதைய மணியைத் தரும் டைம்.டைம் இருந்த இடத்தில், மணியைத் திருத்தினாலும் தாவாமல் எண்ணும் டைம்.மோனோடானிக் இருந்திருக்க வேண்டும். அது 2012லேயே பைத்தான் 3.3இல் வந்தாயிற்று, எனக்குத்தான் உறைக்கவில்லை.

“நடுவுல யாரோ கடிகார முள்ளைத் திருகின மாதிரி, மாமா.”

“உங்க அத்தையா?” வீட்டுக் கடிகாரத்தைப் பத்து நிமிடம் முன்னால் வைப்பவர் அத்தைதான்.

ஞாயிற்றுக்கிழமை நேரில் போய் மாற்றினேன். திரையில் 8143 என்று ஓடியது.

“இது என்ன மணி?”

“மணி இல்ல மாமா, ஆன் பண்ணதுலேர்ந்து ஓடின செகண்ட். மணியை யார் திருத்தினாலும் இது தாவாது, பின்னாடியும் போகாது. ரெண்டு எண்ணைக் கழிச்சாத்தான் அர்த்தம்.”

“தட்டு உள்ள இருக்கும்போது கரண்ட் போச்சுன்னா?”

“...மறுபடி முதல்லேர்ந்து எண்ணும்.”

மாமா ஒன்றும் சொல்லவில்லை. மூக்கை ஒருதரம் உறிஞ்சிவிட்டுத் தட்டை வெளியே இழுத்தார். நல்ல பொன்னிறம். டைமரில் இன்னும் 2 நிமிடம் பாக்கி இருந்தது.