மோட்டார் டிரைவ் பயிற்சிக்குப் போனேன்: கிண்டி அனுபவம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் மெயின்டனன்ஸ் வேலை. எங்கள் ஷெட்டில் டிரைவ் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவி) இல்லாத மோட்டார் இப்போது அபூர்வம். டிரைவ் டிரிப் ஆனால், அதாவது கோளாறு கண்டு தானாக நின்றால், ரீசெட் அடிப்போம், மறுபடி ஆனால் சர்வீஸ்காரருக்கு போன் போடுவோம். உள்ளே என்னதான் நடக்கிறது என்று தெரிந்தே ஆக வேண்டும் என்று கிண்டியில் நடந்த மேல்நிலைப் பயிற்சியில் சேர்ந்தேன். ஷிப்ட் மாற்றிக் கொடுக்கச் சூப்பர்வைசர் சம்மதித்ததும் மற்றதெல்லாம் சுலபமாக முடிந்தது.

டயோடு, தைரிஸ்டர், ஐ.ஜி.பி.டி. என்று மின்சாரத்தைக் கையாளும் செமிகண்டக்டர் பாகங்கள் பற்றிய பாடங்கள் வேகமாக ஓடின. லேபில் சோதனை பெஞ்சுக்குப் போன பிறகுதான் ருசி பிடித்தது. மூன்று ஃபேஸ் 415 வோல்ட் டிரைவுக்குள் போய், டி.சி.யாக மாறி, அதைச் சேமித்து வைக்கும் கெப்பாசிட்டரில் லோடு இல்லாதபோது 580 வோல்ட்டுக்கு மேல் நிற்கிறது. மெயினை அணைத்து மீட்டர் வைத்துப் பார்த்தோம். டிஸ்ப்ளே இருண்ட பிறகும் எண் மெதுவாகத்தான் இறங்கியது. "டிஸ்ப்ளே அணைஞ்சிருச்சுன்னு கை வச்சிடாதீங்க, மீட்டர்ல பாத்துட்டு அப்புறம் தொடுங்க" என்றார் பயிற்றுநர்.

நிறுத்தும்போது மட்டும் வருகிற ஓவர்வோல்டேஜ் டிரிப் எனக்கு நெடுநாள் புதிர். சப்ளை சரியாகத்தானே இருக்கிறது? பெஞ்சில் கனமான ஃபிளைவீல் மாட்டிய மோட்டாரை ஓடவிட்டு, டிசெலரேஷன் நேரத்தை (வேகம் குறைந்து நிற்க எடுக்கும் நேரம்) குறைத்து, ஸ்டாப் கொடுத்தோம். டி.சி. வோல்டேஜ் 600, 700 என்று ஏறி, 800-ஐ நெருங்கியதும் டிரிப். சுற்றுகிற வீல் மோட்டாரையே ஜெனரேட்டராக்கிவிடுகிறது. வருகிற சக்தியை, ஏ.சி.யை டி.சி.யாக்கும் டயோடு பிரிட்ஜ் லைனுக்குத் திருப்பி விடாது. அது கெப்பாசிட்டரில் சேர்ந்துகொண்டே போகிறது. பிரேக்கிங் ரெசிஸ்டரை இணைத்ததும் அதே ஸ்டாப் டிரிப் இல்லாமல் முடிந்தது; சக்தியெல்லாம் ரெசிஸ்டரில் சூடாகப் போனது. அன்றைக்கு வீடு திரும்பும்போது மனசு நிறைந்திருந்தது.

ஸ்கோப் (மின் அலையைத் திரையில் காட்டும் ஆசிலாஸ்கோப்) பயிற்சியும் முக்கியம். சாதா புரோபின் கிளிப் எர்த்தோடு சேர்ந்தது, அதை டிரைவின் டி.சி. பஸ்ஸில் (கெப்பாசிட்டர் இருக்கும் டி.சி. பகுதி) மாட்டினால் ஷார்ட். எர்த்தோடு சேராமல் இரண்டு புள்ளிகளுக்கு இடையே அளக்கும் டிஃபரன்ஷியல் புரோப் கட்டாயம் வேண்டும். மோட்டாரின் முறுக்கு விசையைத் துல்லியமாகக் கட்டுப்படுத்தும் வெக்டர் கன்ட்ரோலுக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் நேரம் கொடுத்திருக்கலாம்.

சேர நினைக்கிறவர்கள் கட்டணம் பற்றிப் பேசும் முன் லேபைப் பாருங்கள். லோடு மாட்டிய மோட்டார் இருக்கிறதா, டிரைவின் பாராமீட்டரை (செட்டிங்) நம் கையால் மாற்ற விடுவார்களா, ஒரு பெஞ்சுக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள். வெறும் சிமுலேஷன் என்றால் நான் போக மாட்டேன். உங்கள் பேனலில் இருக்கிற டிரைவின் மேனுவலையும் கையோடு எடுத்துப் போங்கள். அதிலுள்ள டிரிப் கோட் (code) ஒவ்வொன்றின் அர்த்தத்தையும் இடைவேளைகளில் கேட்டுத்தான் நான் தெளிந்தேன்.