ஈர்ப்பு முடுக்கம் 39: ஓர் ஊசல் நாட்குறிப்பு

ஜூன் 4
பழைய ஹார்ட் டிஸ்க்கைத் துழாவியதில், பல வருடங்களுக்கு முன் என் மாணவர்களுக்காகச் செய்த தனி ஊசல் (நூலில் தொங்கி ஆடும் குண்டு) அனிமேஷன் அகப்பட்டது. உலாவியில் அனிமேஷன் ஓட்டும் பழைய மென்பொருளான ஃப்ளாஷில் செய்தது. 2020 டிசம்பர் 31-ஓடு ஃப்ளாஷுக்கு மங்களம் பாடியாயிற்று, இனி எந்த உலாவியும் அதைத் திறக்காது. எத்தனை இரவு உழைப்பு! புதிதாகவே எழுத வேண்டும், இந்தமுறை உலாவிகளே புரிந்துகொள்ளும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டில்.

ஜூன் 9
ஊசல் இன்னும் ஆடவில்லை, படம் மட்டும் தயார். நூலின் நீளத்தை மாற்ற ஒரு ஸ்லைடர் வைத்தேன். ஒவ்வொரு இழுப்புக்கும் 0.1 மீட்டர் கூட வேண்டும். மூன்றாவது இழுப்பில் திரையில் வந்தது: 0.30000000000000004 மீட்டர். கணினி எண்களை இரும முறையில் வைத்துக்கொள்கிறது. மூன்றில் ஒன்றை நம்மால் தசமத்தில் முடிவாக எழுத முடியாததுபோல, பத்தில் ஒன்றை அதனால் இருமத்தில் முடிவாக எழுத முடியாது. காட்டும்போது முழுமையாக்கிக் காட்டச் சொல்லிவிட்டேன்.

ஜூன் 12
ஊசல் ஆடியது. 5 டிகிரியில் விட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் குண்டு ராட்டினம்போல முழு வட்டம் அடித்துக்கொண்டிருக்கிறது. யாரும் தள்ளவில்லை, ஆற்றல் மட்டும் ஏறிக்கொண்டே போயிருக்கிறது! ஆற்றல் அழிவின்மை விதியைச் சொல்லிக்கொடுக்கிற பக்கத்தில் இப்படியா?

காரணம் இரண்டே வரிகள். பழைய திசைவேகத்தை வைத்து இடத்தை மாற்றிவிட்டு, அப்புறம் பழைய இடத்துக்கான முடுக்கத்தால் திசைவேகத்தைத் திருத்தியிருந்தேன். இயக்கத்தைச் சிறு சிறு அடிகளாகக் கணக்கிடும் எளிய வழியான ஆய்லர் முறை, ஊசலுக்கு ஆகாது. வரிகளை முன்பின்னாக மாற்றி, திசைவேகத்தை முதலில் புதுப்பித்து, அந்தப் புதிய மதிப்பால் இடத்தை நகர்த்தினேன். ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தாயிற்று, வீச்சு, அதாவது குண்டு விலகி ஆடும் அளவு, அப்படியே நிற்கிறது.

ஜூன் 18
முதல் வகுப்புச் சோதனை. வேலை இதுதான்: 1 மீட்டர் நூல், 10 அலைவுகளுக்கு நேரம், அதிலிருந்து ஈர்ப்பு முடுக்கம். எல்லோருக்கும் 9.8-ஐ ஒட்டியே வந்தது. ஒரு பையனுக்கு மட்டும் 39.

"டீச்சர், இது எந்த கிரகம்?"

வியாழனில்கூட 25-ஐத் தாண்டாது. கணக்கைச் சரிபார்த்தேன், பிழை இல்லை. நேரத்தைத் திரும்ப எடுக்கச் சொன்னேன், மறுபடியும் 10 நொடிதான். வர வேண்டியது 20. அவனுடைய டேப்லெட் திரை நொடிக்கு 120 முறை புதுப்பிக்கிற வகை. நான் ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் அறுபதில் ஒரு நொடி கழிந்ததாக எழுதிவைத்திருந்தேன். அதனால் அவனுக்கு ஊசல் இரட்டை வேகம். அலைவு நேரம் பாதியானால், வாய்பாட்டில் அதன் வர்க்கம் கீழே இருப்பதால், முடுக்கம் நான்கு மடங்கு. என் பிழையை இயற்பியல் எவ்வளவு நேர்மையாகக் காட்டிக்கொடுத்திருக்கிறது!

இப்போது உண்மையில் கழிந்த நேரத்தையே கணக்கில் எடுக்கிறேன். வேறு பக்கத்துக்குப் போய்விட்டுத் திரும்பினால் அந்த இடைவெளி மொத்தமும் ஒரே அடியாகச் சேர்ந்து குண்டு பறந்துவிடுகிறது, அதற்கும் ஒரு வரம்பு போட்டேன்.

ஜூன் 21
கணித ஆசிரியை கேட்டுக்கொண்டதால் இயற்கணித வினாக்களுக்கு விடை திருத்தும் பகுதி எழுதினேன். எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டால் ஒரு இடைவெளி கூடினாலும் தவறு என்றுவிடும். அதற்குப் பதிலாக எக்ஸுக்கு மூன்று வெவ்வேறு எண்களைப் பிரதியிட்டுப் பார்க்கிறேன். இரண்டு இருபடிக் கோவைகள் மூன்று இடங்களில் ஒத்துப்போனால் அவை ஒன்றேதான், தப்ப முடியாது.

தப்பினார்கள். "(எக்ஸ் + 2)(எக்ஸ் + 3) என்பதை விரிவாக்குக" என்றால், ஒருத்தி கேள்வியையே விடையாகத் தட்டிவிட்டாள். "சரி" என்று பச்சை விளக்கு எரிந்தது. கணிதப்படி அவள் சொன்னது சரியும்தான். அடைப்புக்குறி இருந்தால் ஏற்காதே என்று சேர்த்தேன். அப்படியே பச்சை, சிவப்போடு "சரி", "மீண்டும் முயல்க" என்ற சொற்களும். சிவப்பு-பச்சை நிறக்குறைபாடு உள்ளவருக்கு இரண்டு விளக்கும் ஒன்றுபோலத் தெரியலாம்.

ஜூன் 26
வீச்சை 60 டிகிரிக்கு இழுத்தவர்களுக்கு அலைவு நேரம் 2.01-க்குப் பதில் 2.15 நொடி. "புத்தகத்துல வீச்சு மாறினாலும் நேரம் மாறாதுன்னு இருக்கே!" புத்தகம் சொல்வது சிறிய கோணங்களுக்கு. கலிலியோவே எல்லாக் கோணத்துக்கும் பொருந்தும் என்றுதான் நம்பினார். வட்டப் பாதையில் அது நடக்காது, சைக்ளாய்டு வளைவில்தான் (உருளும் சக்கரத்தின் விளிம்பில் உள்ள புள்ளி வரையும் வளைவு) நடக்கும் என்று காட்டியவர் டச்சு அறிவியலாளர் ஹைகன்ஸ், 1673-இல் அச்சிட்டார். கோணத்தை 10 டிகிரியோடு நிறுத்திவிடுங்கள், குழப்பம் வராது என்று சக ஆசிரியர் ஒருவர் சொன்னார். நிறுத்தவில்லை. அந்தக் குழப்பத்துக்காகத்தானே ஸ்லைடர்?

ஜூலை 2
ஸ்லைடரைக் கொடுத்தால் முதல் ஐந்து நிமிடம் விளையாட்டுத்தான். விளையாடட்டும். ஆனால் நிறைக்கான ஸ்லைடரை மட்டும் பூட்டிவைத்தேன். "குண்டின் நிறையை இரட்டிப்பாக்கினால் என்ன ஆகும்?" என்பதற்கு ஒரு ஊகம் எழுதினால்தான் திறக்கும்.

இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-இல் தொடங்கிய, இதுபோன்ற அறிவியல் அனிமேஷன்களைச் செய்யும் ஃபெட் (PhET) குழுவினர் மாணவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, தோன்றுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லிக் கேட்பார்கள். நானும் அப்படி ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்தேன், வாயைத் திறப்பதில்லை என்று சபதம் செய்துகொண்டு. கனமான குண்டு வேகமாக ஆடும் என்று எழுதினாள். திறந்தது, இழுத்தாள், நேரம் மாறவில்லை. முகத்தில் ஒரு வியப்பும் இல்லை.

"மாறாதுன்னு நீங்க எழுதி வச்சிருக்கீங்க, டீச்சர். அதான் மாறல."

சபதம் காப்பாற்றப்பட்டது, சொல்ல ஒன்றும் இல்லாததால். என் நிரலில் நிறை என்ற மாறியே எங்கும் கிடையாது. அந்த ஸ்லைடர் குண்டின் படத்தைப் பெரிதாக்குகிறது, அவ்வளவுதான். அவள் கண்டுபிடித்தது ஊசலின் குணத்தை அல்ல, என்னை.

ஜூலை 9
முதல் பக்கத்தை மாற்றினேன். இப்போது திரை ஊசலுக்கு முன், மாணவர்கள் கையால் கட்டும் நிஜ ஊசலின் நூலும் முடிச்சும் முதலில் வருகின்றன. குண்டுக்குப் பதில் ஒரு சாவி, பிறகு அதோடு இன்னும் இரண்டு சாவிகள். எடுத்த நேரங்களைக் கட்டத்தில் தட்டினால் அவர்களுடைய புள்ளிகள் வரைபடத்தில் விழும். என் நிரல் வரைகிற கோடு அதற்கப்புறம்தான் வரும்.

அதே பெண்தான் முதலில் செய்தாள். ஒரு சாவியோ மூன்றோ, நேரம் ஏறக்குறைய ஒன்றுதான் என்று தானே ஒத்துக்கொண்டாள். ஆனால் 60 சென்டிமீட்டர் நூலில் 10 அலைவுக்கு 14.0 நொடி, முடுக்கம் 12.1. வர வேண்டியது 15.5 நொடி. நீளத்தை அளந்தோம், சரி. எண்ணச் சொல்லிக் கேட்டேன். சாவியை விட்ட கணத்திலேயே "ஒண்ணு" என்று தொடங்குகிறாள். ஆக அவள் எண்ணியது ஒன்பது அலைவு.

திரையில் இந்தப் பிழைக்கு வழியே இல்லை, அங்கே எண்ணுவது நிரல். நாளை அந்தத் தானியங்கி எண்ணியை எடுத்துவிட வேண்டும்.