சோனி கமராவில் ஹீலியோஸ்: கல்லடியில் எடுத்துப் பார்த்தது

பெரியப்பாவின் ஸெனிட் கமராவில் இருந்த ஹீலியோஸ் 44-2 லென்ஸை இப்போது என் சோனி ஏ6000இல் பூட்டிப் படம் எடுக்கிறேன். குவியத்தூரம் 58 மி.மீ., துளையை முழுதாகத் திறந்தால் எஃப்2 (எண் கூடக் கூடத் துளை சிறுக்கும்), திருகிப் பூட்டும் எம்42 வகை. லென்ஸுக்கும் கமராவுக்கும் இடையில் இருக்கும் அடாப்டர் வெறும் உலோக வளையம். அதில் கண்ணாடியும் இல்லை, மின் இணைப்பும் இல்லை, போக்கஸ் கையால்தான்.

எம்42 லென்ஸ் தன் அடிவிளிம்பிலிருந்து 45.46 மி.மீ. பின்னால் படத்தை விழுத்தும். சோனியின் லென்ஸ் பூட்டும் வாயான இ மவுண்டிலிருந்து சென்சர் 18 மி.மீ. தூரத்தில் இருக்கிறது. மிச்ச 27.46 மி.மீ.தான் அடாப்டரின் தடிப்பு. நண்பர் ஒருவர் தன் நிக்கோன் டிஎஸ்எல்ஆருக்கும் இப்படி ஒன்று கேட்டார். அதில் அந்தத் தூரமே 46.5 மி.மீ., வளையத்துக்கு எங்கே இடம்? கிட்ட இருப்பது தெளியும், தூரம் தெளியாது. கண்ணாடி வைத்த அடாப்டர் இருக்கிறதுதான், ஆனால் மலிவானவை கூர்மையைத் தின்றுவிடும். வேண்டாம் என்றேன்.

பூட்டியதும் மெனுவில் ‘லென்ஸ் இல்லாமல் ஷட்டர்’ என்பதை இயக்க வேண்டும். இல்லாவிட்டால் கமரா படம் எடுக்காது. துளையை நாமே வைக்கும் ‘ஏ’ மோடில் வெளிச்சத்தைக் கமராவே அளந்துகொள்கிறது.

கூர்மை பார்க்க, மட்டக்களப்பில் 1924இல் திறந்த பழைய கல்லடிப் பாலத்தின் இரும்புச் சட்டங்களை விட நல்ல இடம் எனக்குத் தெரியாது. எஃப்2இல் நடுவில் உள்ள ரிவெட்டுகள் தெளிவு, ஆனால் மேலே மெல்லிய புகார் படர்ந்த மாதிரி. எஃப்5.6இல் துரு உரிந்த விளிம்பு வரை தனித்தனியாகத் தெரிகிறது. அடாப்டர்காரர் வளையத்தைக் கொஞ்சம் மெல்லிசாகவே கடைந்திருக்கிறார்கள். முடிவிலிக் குறி வரை திருப்பினால் தூரப் புள்ளியைத் தாண்டிவிடுகிறது, அதனால் ஒரு மயிரிழை முன்னாலேயே நிறுத்துகிறேன்.

பின்னேரம் வாவிக் கரைக்குப் போனால் விஷயம் வேறு. பீக்கிங் என்பது போக்கஸ் விழுந்த இடத்தைக் காட்ட, மாறுபாடு கூடிய விளிம்புகளைத் தேடித் திரையில் நிறம் பூசும் கமரா வசதி. மேற்கு வெயிலில் மினுங்கும் தண்ணீர் முழுக்க அப்படிப்பட்ட விளிம்புதானே! திரை முழுதும் சிவப்பு. தோணி எது, அலை எது என்று பிடிபடாது. வாவியில் பீக்கிங்கை அணைத்துவிட்டு, திரையில் படத்தைப் பெருப்பித்து, ஆளின் தொப்பியிலோ வலைக் கயிற்றிலோ போக்கஸ் வைப்பதுதான் சரி.

வீச்சுவலைக்கு அதற்கும் நேரம் கிடையாது. எஃப்8, தூரம் ஏழு மீட்டரளவில் முதலே வைத்துவிடுகிறேன். சுமார் ஐந்திலிருந்து பத்து மீட்டர் வரை தெளிவு கிடைக்கும்.

“எறியட்டா மனே?” வலைக்காரர் கேட்டார்.

“ஓம் மாமா, எறியுங்க.”

வலை விரிந்து தண்ணீரைத் தொடும் முன்னரே ஷட்டர் விழுந்தது. கயிற்று முடிச்சுகள் எண்ணலாம் போல வந்திருக்கின்றன. கையால் பிடித்த போக்கஸில் இது கிடைத்தது எனக்குப் பெரிய சந்தோஷம்.

பலரும் ஹீலியோஸில் தேடும் சுழல் பின்னணி, அதாவது மங்கிய பின்புறம் சுழல்வது போலத் தெரிவது, இந்தக் கமராவில் குறைவு. சென்சர் சிறியதால் ஓரம் வெட்டுப்பட்டு, 58 மி.மீ. லென்ஸ் 87 மி.மீ. போலப் பார்க்கிறது, சுழல் பெரும்பாலும் அந்த ஓரத்தில்தான். ஆளைத் தனியாக எடுக்க இந்தக் கோணம் மெத்த நல்லது.

எங்கள் ஊர் ஈரத்துக்குப் பழைய லென்ஸில் பூஞ்சணம் பிடிப்பது சுலபம். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைக்கிறேன். எதிர் வெயிலில் படம் வெளிறாமல் இருக்க, லென்ஸின் முன்னால் மாட்டும் 49 மி.மீ. ரப்பர் ஹூட் ஒன்று வாங்க வேண்டும்.