கப்பல் நிற்கும் நேரம் வேறு, நம் கையில் இருக்கும் நேரம் வேறு

க்ரூஸ் பயண அட்டவணையில் ‘ரோம், காலை 7 முதல் மாலை 7 வரை’ என்று போட்டிருக்கும். முதல்முறை போகிறவர்கள் அதைப் பார்த்ததும் ரோமில் பன்னிரண்டு மணி நேரம் சுற்றலாம் என்று நினைத்துவிடுவார்கள். கப்பல் நிற்பதோ சிவிட்டாவெக்கியா துறைமுகத்தில். அங்கிருந்து ரோம் ஏறக்குறைய 80 கிலோமீட்டர். ஃப்ளாரன்ஸ் என்று போட்டிருந்தால் லிவோர்னோவில் இறங்க வேண்டும், சுமார் 90 கி.மீ. பாரிஸ் என்றால் லெ ஹாவ்ர், 200 கி.மீ. பக்கம். டிக்கெட் எடுக்கும் முன் ஊர்ப் பெயரை விட்டுவிட்டுத் துறைமுகத்தின் பெயரைத் தேடிப் பாருங்கள்.

ரோம் நாளையே எடுத்துக்கொள்வோம். 7 மணிக்குக் கப்பல் துறையில் அணைந்தாலும், துறைமுக அதிகாரிகளின் அனுமதி வந்து இறங்குபாலம் திறக்க அரை மணி, முக்கால் மணி பிடிக்கும். பிறகு துறைமுக வாசல் வரை பஸ், ரயில் நிலையம், காத்திருப்பு, ஒரு மணி நேர ரயில். ரோமில் கால் வைக்கும்போது 10 ஆகிவிடும். மாலை 7 மணிக்குப் புறப்படும் கப்பலில் 6.30-க்குள் எல்லோரும் ஏறியிருக்க வேண்டும். சில கப்பல்களில் ஒரு மணி நேரம் முன்பே. அதற்கும் ஒன்றரை மணி முன்னதாகத் துறைமுகம் சேர்வதாக வைத்தால், 3.30-க்கு ரோமை விட வேண்டும். மிஞ்சுவது ஐந்தரை மணி நேரம். கொலோசியம், வாட்டிகன் அருங்காட்சியகம் இரண்டையும் அதற்குள் திணித்தால் எதையும் பார்த்த மாதிரி இருக்காது. ஒன்றைத் தேர்ந்தெடுத்து, நுழைவுச்சீட்டை 11 மணிக்குப் பிறகான நேரத்துக்கு முன்பதிவு செய்யுங்கள்.

எல்லாத் துறைமுகமும் இப்படி இல்லை. மால்டாவின் வலெட்டாவில் கப்பல் கோட்டை மதிலுக்குக் கீழேயே நிற்கும், லிஃப்டில் ஏறினால் ஊர். நார்வேயின் பெர்கனில் நடந்தே போகலாம். இத்தகைய இடங்களில் கப்பல் நிறுவனம் விற்கும் சுற்றுலாவுக்குப் பணம் கொடுப்பது வீண். ஊர் தொலைவில் இருந்தால் முதல் பயணத்தில் அதையே வாங்குங்கள் என்பேன். காரணம் ஒன்றுதான்: கப்பல் ஏற்பாடு செய்த பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், இல்லையென்றால் அடுத்த துறைமுகத்தில் கொண்டுவந்து சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. சொந்த ஏற்பாட்டில் போனவருக்கு அந்தச் சலுகை கிடையாது. கப்பல் போய்விட்டால் அடுத்த துறைமுகம் வரை விமானமும் விடுதியும் நம் செலவு.

டெண்டர் துறைமுகங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். கரை ஓரம் கப்பல் அணைய ஆழமோ இடமோ இல்லாத ஊர்களில் கடலிலேயே நங்கூரம் போட்டு, டெண்டர் எனப்படும் சிறு படகுகளில் ஆட்களைக் கொண்டுபோவார்கள். சாண்டோரினி அப்படித்தான். கப்பலின் சுற்றுலாவில் போகிறவர்கள் முதலில். மற்றவர்கள் டோக்கன் வாங்கி முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். சாண்டோரினியில் கரை சேர்ந்த பிறகும் மேலே ஃபிரா ஊருக்குக் கேபிள் காரில் ஏற வேண்டும், இல்லையென்றால் 580-க்கும் மேற்பட்ட படிகள். மாலையில் எல்லாக் கப்பல்காரர்களும் ஒரே நேரத்தில் இறங்க வருவதால் கேபிள் கார் வரிசையிலேயே ஒரு மணி நேரம் போய்விடும். அலை அதிகமானால் படகு விடுவதையே ரத்து செய்துவிடுவார்கள். அந்த நாளுக்குத் திரும்பி வராத முன்பணம் எதையும் கட்டாதீர்கள்.

கடிகாரத்திலும் ஒரு சிக்கல் உண்டு. சில கப்பல்கள் பயணம் முழுக்கத் தங்கள் நேரத்தையே வைத்திருக்கும். கைபேசியோ கரையில் இறங்கியதும் உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும். ஒரு மணி நேர வித்தியாசத்தில் கப்பலைத் தவறவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இறங்கும்போது வாசலில் கப்பல் நேரம் எழுதியிருக்கும் பலகையைப் படம் எடுத்துக்கொண்டு, சாதாரணக் கைக்கடிகாரத்தை அதற்கு வைத்துவிடுங்கள். தினசரி நிகழ்ச்சித் தாளில் உள்ள துறைமுக ஏஜென்ட் (அந்த ஊரில் கப்பல் நிறுவனத்தின் பிரதிநிதி) எண்ணையும் படம் எடுத்து வைத்திருங்கள்; தாமதமானால் முதலில் கூப்பிட வேண்டியவர் அவர்தான். கடலில் இருக்கும்போது கைபேசி விமானப் பயன்முறையிலேயே இருக்கட்டும். கப்பலின் செயற்கைக்கோள் வலையில் தானாக இணைந்தால் பில் எகிறிவிடும்.

விசாவில் கவனம் தேவை. ஒரு நாட்டில் தொடங்கி, வெளியே போய், அதே நாட்டுக்குத் திரும்பும் பாதை என்றால் ஒருமுறை நுழைவு விசா போதாது. கரையில் இறங்காவிட்டாலும் விசா கேட்கும் நாடுகள் உண்டு. அந்த விசா இல்லையென்றால் முதல் நாளே கப்பலில் ஏற்ற மாட்டார்கள்.

முதல் நாள் பெட்டியைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொள்வார்கள். அது கேபின் வாசலுக்கு வர மாலைகூட ஆகலாம். பாஸ்போர்ட், மருந்து, ஒரு மாற்றுத் துணி கைப்பையில் இருக்கட்டும். சர்ஜ் புரொடெக்டர் (மின்னழுத்தம் திடீரென ஏறினால் தடுக்கும் அமைப்பு) உள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கொண்டுபோனால் பறிமுதல் செய்துவிடுவார்கள். கப்பலின் மின் அமைப்பு வீட்டைப் போல எர்த் செய்யப்பட்டதல்ல, அந்தப் பெட்டி சூடாகித் தீப்பிடிக்க வாய்ப்புண்டு.

அபாயப் பயிற்சியைத் தட்டிக் கழிக்காதீர்கள். 2012 ஜனவரி 13 அன்று கோஸ்டா கான்கார்டியா என்ற க்ரூஸ் கப்பல் பாறையில் மோதி 32 பேர் இறந்தார்கள். அன்று மாலை சிவிட்டாவெக்கியாவில் ஏறியவர்களுக்கு இன்னும் பயிற்சியே நடந்திருக்கவில்லை. 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பது அப்போதைய விதி. 2015 முதல் கப்பல் கிளம்பும் முன், அல்லது கிளம்பிய உடனே நடத்தியாக வேண்டும். ஏழு குறுகிய ஒலி, பிறகு ஒரு நீண்ட ஒலி: அதுதான் அபாய அறிவிப்பு. அபாய நேரத்தில் நீங்கள் கூட வேண்டிய இடத்துக்கு லிஃப்ட் இல்லாமல் ஒருமுறை நடந்து பாருங்கள்.

தலைசுற்றலுக்குப் பயப்படுகிறவர்கள் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் கேபின் எடுங்கள். பக்கவாட்டு ஆட்டத்தை கப்பலின் இருபுறமும் நீருக்கடியில் நீட்டியிருக்கும், மீன் துடுப்பு போன்ற தகடுகள் குறைக்கும். முன்னும் பின்னும் எழுந்து தாழும் ஆட்டத்தை அவற்றால் தடுக்க முடியாது. முனையில் இருக்கும் கேபின்களில் அதுதான் அதிகம். மாத்திரையை ஆட்டம் தொடங்கும் முன்பே போட வேண்டும், வாந்தி வந்த பிறகு அது வயிற்றில் தங்காது.

கடைசி இரவு 10, 11 மணிக்குள் பெரிய பெட்டிகளைக் கேபின் வாசலில் வைக்கச் சொல்வார்கள். காலையில் துறைமுகக் கூடத்தில்தான் மறுபடி கிடைக்கும். மறுநாள் போடும் உடையையும் செருப்பையும் எடுத்து வைத்த பிறகு பெட்டியைப் பூட்டுங்கள்.